வெறும் வயிறு

ஆறேகாலுக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
இருவரும் வந்து நிற்கிறார்கள்.
நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டால் போச்சு என்று
பயந்து சீக்கிரம் வருகிறவர்கள் உண்டு.
இவர்கள் அப்படியில்லை.
பக்கிரிசாமிக்குத் தன் எண்களைப் பார்க்கும் அவசரம்.

நாலு மாதத்துக்கு முன்னால்
ஒரே டாக்டர், ஒரே தாள்.
நாளைக்கு மூன்று தேக்கரண்டி எண்ணெய்.
தேங்காய் வேண்டாம். மஞ்சள்கரு வேண்டாம்.
பாலில் ஆடையை எடுத்துவிட வேண்டும்.
தாளை அரிசி டின்னுக்கு மேலே
சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டியிருக்கிறார்கள்.
மீன்குழம்பில் மிதக்கிற எண்ணெயைக்கூட
கரண்டிக் காம்பால் ஒதுக்கிவிட்டுத்தான் ஊற்றினாளாம்
தையல்நாயகி,
இரண்டு தட்டிலும்.

அவருக்கு ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறது.
பெல்ட்டில் ஆணி அடித்துப் புதுத் துளை.
அவர் நரம்பு தானே எழுந்து நிற்கிறது.
அவள் கையை மூன்று முறை தட்ட வேண்டியிருந்தது.

போய்விட்டு ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன்.
போகவில்லை.

சுழற்றி எடுத்தபோது
அவர் குழாயின் மேல்பாதி
நல்லெண்ணெய் நிறத்தில் தெளிந்திருந்தது.
பின்னால் வைத்த என் விரல் தெரிந்தது.
அவள் குழாயில்
அரிசி களைந்த முதல் தண்ணீர்.

ட்ரைகிளிசரைடு நானூற்றுப் பன்னிரண்டு.

வெளுத்த குழாயைக் கண்டால்
நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்,
ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்.
நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்:
"ஒளிச்சு வச்சுத் தின்னியா?"
மெதுவாகத்தான் கேட்டார்.
ஆனால் பெஞ்சில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.
"பஸ் ஸ்டாண்டு போண்டாக் கடையில விசாரிக்கணும்" என்று
சிரிக்கவும் பார்த்தார்.

அவள் குழாயைக் கேட்டாள்.
கொடுக்கக் கூடாது. கொடுத்தேன்.
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துச் சாய்த்தாள்.
"போன தடவை நூத்தித் தொண்ணூறு.
தேங்காயை விட்டேன். முட்டையை விட்டேன்.
விட்ட எடத்துல பசிச்சுது.
ஒரு கை சோறு கூடப் போட்டேன். பொரி தின்னேன். ரஸ்க் தின்னேன்.
தாள்ல அதெல்லாம் தின்னலாம்னுதான் இருந்துச்சு."

"நானும் அதைத்தானே தின்னேன்" என்றார்.

உண்மைதான். இருவரும் உண்மை சொன்னார்கள்.
அதற்குப் பிறகு என்ன பேசுவது?

பஞ்சை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது.
"மேலவெளிக்கும் பள்ளக்கட்டுக்கும் ஒரே மதகுத் தண்ணி.
ஒண்ணு ராவோட குடிச்சுட்டுக் காயுது.
இன்னொண்ணுல மூணு நாள் நின்னு பயிரு அழுவுது.
பள்ளக்கட்டு திருடிக் குடிச்சுதுன்னு
எப்பவாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

கேட் மணி அடிக்கத் தொடங்கியது.
அவர் வண்டிச் சாவியைத் தேடினார். கையிலேயே இருந்தது.

ரிப்போர்ட்டில் அவள் எண்ணுக்குப் பக்கத்தில்
மெஷின் ஒரு நட்சத்திரம் போட்டது.
கீழே 'சீரம் கலங்கல்' என்று நான் அடிக்கலாம்.
'திருட்டு இல்லை' என்று அடிக்கக் கட்டம் கிடையாது.

சாயங்காலம் மிச்சக் குழாய்களைக் கொட்டும்போது
அவளுடையதை மட்டும்
குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் நிற்க வைத்தேன்.
பதினோரு வருஷத்துக்கு முன் படித்தது,
இப்போது யாரும் செய்வதில்லை.
தின்ற கொழுப்பென்றால் ராத்திரியில் மேலேறி ஆடை கட்டும்.
சோற்றிலிருந்து ஈரல் தானே செய்ததென்றால்
கலங்கியபடியே நிற்கும்.

காலையில் கதவைத் திறந்தேன்.
மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கல்.
ஆடை இல்லை.
ஒரு நூல்கூட இல்லை.

படிவத்தில் இருந்தது அவர் நம்பர்.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது,
வாசலில் இன்னும் யாரும் வரவில்லை.
அடித்தேன். எடுத்தார்.
அந்தம்மாகிட்ட கொடுங்க என்றேன்.